11,345 பேர்: 1981 அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் எங்கே தோற்றது?

1981 ஆகஸ்ட் 5, புதன்கிழமை காலை 11 மணியோடு அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரேகன் விதித்த கெடு முடிந்தது. அதற்குள் பணிக்குத் திரும்பாத விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,345 பேர் வேலை இழந்தார்கள். அவர்களுடைய சங்கமான பேட்கோ அடுத்த பதினொரு வாரங்களில் அங்கீகாரத்தையும் இழந்தது. கைவசமிருந்த வேலைநிறுத்த நிதி நீதிமன்றப் பிடியில் முடங்கியது. பத்து மாதங்களுக்கு முன் இதே சங்கம்தான் ரேகனுக்கு ஓட்டுக் கேட்டிருந்தது.

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். அதிபரின் மன உறுதி வென்றது என்பது ஒன்று. அதிபர் நம்பிக்கைத் துரோகம் செய்தார் என்பது மற்றொன்று. இரண்டிலுமே வானத்தில் என்ன நடந்தது என்பது விடுபட்டுப் போகிறது. எத்தனை பேர் வெளியேறுவார்கள் என்று சங்கம் மிக நுணுக்கமாகக் கணக்கிட்டிருந்தது. மிச்சமிருப்பவர்களை வைத்து அரசு எவ்வளவு விமானங்களை ஓட்ட முடியும் என்று யாரும் அதே நுணுக்கத்தோடு கணக்கிடவில்லை. தோல்வியின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சங்கம் வளர்ந்த விதம்

1960 டிசம்பர் 16 அன்று நியூயார்க் மீது யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானமும் டிடபிள்யூஏவின் கான்ஸ்டலேஷன் விமானமும் மோதின. விமானங்களில் இருந்த 128 பேரும் தரையில் ஆறு பேரும் இறந்தார்கள். ஜெட் விமானங்கள் பெருகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ரேடார் கருவிகளும் ஆள் பலமும் அதே வேகத்தில் வளரவில்லை. 1962 ஜனவரியில் கென்னடி பிறப்பித்த 10988ஆம் எண் நிர்வாக ஆணை மத்திய அரசு ஊழியர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்தது. ஆனால் ஊதியத்தைப் பற்றிப் பேரம் பேசக் கூடாது, வேலைநிறுத்தமும் கூடாது. அரை உரிமை என்றே சொல்லலாம். சங்கத்தோடு பேச வேண்டும், ஆனால் சங்க உறுப்பினர்கள் எதைப் பற்றி அதிகம் கவலைப்பட்டார்களோ அதைப் பேச முடியாது.

பேட்கோ 1968இல் நியூயார்க்கில் பிறந்தது. அதே ஆண்டில் ‘விதிப்படி வேலை’ என்ற ஆயுதத்தைக் கையில் எடுத்தது. விமானங்களுக்கு இடையே கையேடு சொல்லும் இடைவெளியை இம்மி குறையாமல் கடைப்பிடித்தாலே நியூயார்க்கில் தாமதம் மணிக்கணக்கில் குவியும். அன்றாடம் அந்த இடைவெளிகளைச் சற்றுச் சுருக்கித்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியிருக்க முடியாது.

1970 மார்ச்சில் ஏறக்குறைய இரண்டு லட்சம் அஞ்சல் ஊழியர்கள் சட்டத்தை மீறி வேலைநிறுத்தம் செய்தார்கள். நிக்சன் நியூயார்க்கில் கடிதம் பிரிக்கப் படையினரை அனுப்பினார், ஆனாலும் யாரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை. ஊழியர்களுக்குச் சம்பள உயர்வும் கிடைத்தது, அஞ்சல் துறையே சீரமைக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் சுமார் 3,000 கட்டுப்பாட்டாளர்கள் ஒரே சமயத்தில் ‘உடம்பு சரியில்லை’ என்று விடுப்பு எடுத்தார்கள். மூன்று ஊழியர்களை லூசியானாவின் பேடன் ரூஜிலிருந்து கட்டாயமாக இடமாற்றியது அதற்கு உடனடிக் காரணம். நீதிமன்றம் தலையிட்டுப் பணிக்குத் திரும்ப வைத்தது. பணிநீக்கம் செய்யப்பட்ட சிலரும் பின்னால் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள்.

இந்த இரண்டு அனுபவங்களும் பேட்கோவின் மனதில் ஆழமாகப் பதிந்தன. அரசு முதலில் உறுமும், நீதிமன்றம் தடை போடும், சிலர் அடி வாங்குவார்கள், முடிவில் எல்லாரும் திரும்ப வருவார்கள் என்பது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. 1981இல் வெளியேறிய பலர் இந்தப் பாடத்தை நம்பித்தான் வெளியேறினார்கள்.

குறைகள் கற்பனையானவை அல்ல. 1972இல் வந்த சட்டம் பணியில் சேர வயது வரம்பையும், 56 வயதில் கட்டாய ஓய்வையும் கொண்டுவந்தது. உடல்நலக் காரணத்தால் தகுதியிழப்போருக்கு வேறு தொழில் கற்றுத்தரும் திட்டம் ஒன்றையும் அதே சட்டம் தந்தது. அந்த மறுபயிற்சித் திட்டத்துக்கு நாடாளுமன்றம் சில ஆண்டுகளிலேயே நிதியை நிறுத்திவிட்டது. 1978இல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு கட்டுப்பாட்டாளர்களிடையே ரத்தக்கொதிப்பு அதிகம் என்று காட்டியது. பல மையங்களில் கணினி நடுவே நின்றுபோனால், நினைவிலிருந்தும் காகிதச் சீட்டுகளிலிருந்தும் விமானங்களை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது.

ஆதரவுக் கடிதம்

கார்ட்டர் நிர்வாகத்தின் மீது பேட்கோவுக்குக் கடும் கோபம். விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் அப்போதைய தலைவர் லாங்ஹார்ன் பாண்ட் சங்கத்தோடு மோதிக்கொண்டே இருந்தார். வேலைநிறுத்தம் வந்தால் சமாளிப்பதற்கான திட்டத்தையும் 1980இலேயே வரைய ஆரம்பித்துவிட்டார். இதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பின்னாளில் ரேகனின் வெற்றியாகப் பேசப்பட்ட திட்டத்தின் முதல் வரைவு கார்ட்டர் காலத்தில் எழுதப்பட்டது.

சங்கத்துக்குள்ளும் அதே ஆண்டில் தலைமை மாறியது. பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஜான் லெய்டனை ஒதுக்கிவிட்டு ராபர்ட் போலி வந்தார். வேலைநிறுத்தத்துக்காகவே நிலையம் நிலையமாக ஆட்களைத் திரட்டி வைத்திருந்த இளம் உறுப்பினர் குழுவின் பலம் அவருக்குப் பின்னால் இருந்தது. தொலைபேசிச் சங்கிலி, குடும்பங்களுக்கான உதவிக் குழு என்று அவர்களுடைய ஏற்பாடு பழுதில்லாதது.

1980 அக்டோபர் 20 அன்று ரேகன் போலிக்கு ஒரு கடிதம் எழுதினார். குறைவான ஆட்கள், நியாயமற்ற வேலை நேரம், காலாவதியான கருவிகள் ஆகியவற்றால் பயணிகளுக்கு ஆபத்து என்று ஒப்புக்கொண்டு, தான் வந்தால் இவற்றைச் சரிசெய்ய உடன் நிற்பேன் என்றது அந்தக் கடிதம். மூன்று நாட்கள் கழித்து பேட்கோ அவருக்கு ஆதரவு அறிவித்தது. பெரும்பாலான சங்கங்கள் கார்ட்டர் பக்கம் நின்ற தேர்தல் அது. டீம்ஸ்டர்ஸ் போன்ற வெகு சில சங்கங்கள்தான் ரேகன் பக்கம் போயின.

கடிதத்தில் கருவிகளும் ஆள் பற்றாக்குறையும் இருந்தன. வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆதரவுக்கு ஈடாகக் கிடைக்கப்போவது என்ன என்பதைச் சங்கமும் எழுத்தில் கேட்டு வாங்கவில்லை. அரசியல் கடனை வசூலிக்க வேண்டுமானால் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 22: கைக்கு வந்த ஒப்பந்தம்

பழைய ஒப்பந்தம் 1981 மார்ச்சில் முடிந்தது. சங்கத்தின் கோரிக்கைகளில் மூன்று முக்கியமானவை: எல்லாருக்கும் ஆண்டுக்கு 10,000 டாலர் ஊதிய உயர்வு, நாலு நாளில் 32 மணி நேர வேலை வாரம், 20 ஆண்டுப் பணிக்குப் பின் கூடுதல் ஓய்வூதியத்தோடு ஓய்வு.

வேலை நேரக் கோரிக்கைக்குப் பின்னால் வலுவான நியாயம் இருந்தது. மற்ற பல நாடுகளில் இதே வேலை செய்பவர்களுக்கு நேரம் குறைவு. ஆனால் மக்கள் காதில் விழுந்தது ‘10,000 டாலர்’ மட்டும்தான். கட்டுப்பாட்டாளரின் சராசரிச் சம்பளம் 33,000 டாலர் அளவில் இருந்தது. நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் அப்போது 22,000 டாலர் சுற்றில்தான் நின்றது. பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்து வாட்டிய ஆண்டு வேறு. ஓய்வூதியத்தையும் உடல்நலத்தையும் முன்னால் நிறுத்திப் பேசியிருந்தால் கேட்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள்.

போக்குவரத்துச் செயலர் ட்ரூ லூயிஸ் பேச்சுவார்த்தையை நடத்தினார். ஜூன் 22 விடியலில் வேலைநிறுத்தம் தொடங்குவதாக இருந்தது. போலி ஒரு விதி வைத்திருந்தார்: நாடு முழுவதும் 80 சதவீதக் கட்டுப்பாட்டாளர்கள் ஆதரித்தால்தான் வெளியேறுவது. எண்ணிப் பார்த்தபோது ஆதரவு அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. போலி லூயிஸோடு உடன்பாடு செய்துகொண்டார். மதிப்பு 4 கோடி டாலர். ஊதிய உயர்வு 11.4 சதவீதம், ஆனால் அதில் ஒரு பகுதி எல்லா மத்திய ஊழியர்களுக்கும் எப்படியும் வரவிருந்தது. 36 மணி நேரத்துக்கு மேலுள்ள வேலைக்கு ஒன்றரை மடங்குக் கூலி என்பதால், 40 மணி நேர வாரத்துக்கு 42 மணி நேரச் சம்பளம் கிடைக்கும். இரவுப் பணிக்கான படியும் உயரும்.

சட்டப்படி ஊதியத்தைப் பற்றிப் பேசவே அதிகாரமில்லாத ஒரு துறை இவ்வளவு தூரம் வந்தது. வழக்கத்தில் இல்லாத சலுகை இது, இதற்கு நாடாளுமன்றம் ஒப்புதலும் தர வேண்டும். ரேகன் தரப்பு ஆரம்பத்திலிருந்தே சங்கத்தை உடைக்கக் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது என்ற வாதம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. உடைக்க நினைத்தவர் முதலில் 4 கோடியை மேசையில் வைக்கத் தேவையில்லை.

உறுப்பினர்களின் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. வேலை நேரம் குறையவில்லை. ஓய்வூதியத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பத்தாயிரம் கேட்டு மாதக்கணக்கில் கோஷம் போட்டவர்களுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஜூலைக் கடைசியில் நடந்த வாக்கெடுப்பில் 95 சதவீதம் பேர் உடன்பாட்டை நிராகரித்தார்கள். போலி திரும்பப் பேசப் போனபோது கோரிக்கையின் மதிப்பு 68.1 கோடி டாலர், உடன்பாட்டைவிட 17 மடங்கு என்று ரேகன் தன் அறிக்கையில் சொன்னார். அந்த 17 மடங்கு என்ற எண்தான் அடுத்த நாள் செய்தித்தாள்களில் ஓடியது.

ஜூன் 22க்கும் ஆகஸ்ட் 3க்கும் இடைப்பட்ட ஆறு வாரங்கள் அரசுக்குக் கிடைத்த பரிசு. ஜூனில் பாதி தயாராக இருந்த மாற்றுத் திட்டம் ஆகஸ்டில் முழுதாகத் தயாராகிவிட்டது.

48 மணி நேரம்

ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை காலை 7 மணிக்கு வேலைநிறுத்தம் தொடங்கியது. 17,000க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களில் ஏறக்குறைய 13,000 பேர் வெளியே நின்றார்கள். அன்று காலை 11 மணிக்குச் சற்று முன்னதாக ரேகன் வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில், அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃப்ரெஞ்ச் ஸ்மித்தையும் லூயிஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அரசுப் பணியில் சேரும்போது ஒவ்வொருவரும் கையெழுத்திடும் ‘அரசுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் ஈடுபட மாட்டேன்’ என்ற உறுதிமொழியை வரி வரியாக வாசித்தார். 48 மணி நேரத்துக்குள் திரும்பாதவர்கள் தாங்களாகவே வேலையைத் துறந்தவர்கள் ஆவார்கள் என்றார்.

சட்டம் அவர் பக்கம் தெளிவாக நின்றது. 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடை செய்திருந்தது. 1955இல் வந்த சட்டம் அதைக் குற்றமாக்கி, 1,000 டாலர் அபராதமோ ஓராண்டும் ஒரு நாளும் சிறையோ விதிக்க வழி செய்தது. 1971இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று உறுதிசெய்துவிட்டது. இதில் தெரியாத விஷயம் எதுவும் இல்லை. சட்டம் இருந்தும் 1970இல் அது முழுதாகப் பயன்படுத்தப்படவில்லை என்பதே சங்கத்தின் நம்பிக்கை.

பேசியவர் யார் என்பதும் கணக்கில் வரும். திரை நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்து 1960இல் வேலைநிறுத்தம் நடத்தியவர் ரேகன். அன்றும் தன் சங்கப் பின்னணியைச் சொல்லிக்கொண்டே, தனியார் முதலாளிக்கு எதிரான போராட்டமும் அரசுக்கு எதிரான போராட்டமும் ஒன்றல்ல என்று பிரித்தார். அமைச்சரவை அறையில் அவர் மாட்டச் சொன்ன படங்களில் ஒன்று கால்வின் கூலிட்ஜுடையது. 1919இல் பாஸ்டன் போலீஸ் வேலைநிறுத்தத்தின்போது மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்து, வேலைநிறுத்தம் செய்தவர்களைத் திரும்ப எடுக்க மறுத்துப் புகழ் பெற்றவர் கூலிட்ஜ். சங்கத் தலைமை அந்தப் படத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நீதிமன்றங்களும் ஒரே நாளில் இயங்கின. வாஷிங்டனில் நீதிபதி ஹெரால்ட் கிரீன் சங்கத்துக்கு அபராதம் விதித்தார்: முதல் நாள் 2.5 லட்சம் டாலர், மறுநாள் 5 லட்சம், அதற்குப் பிறகு தினமும் 10 லட்சம். 35 லட்சம் டாலர் அளவிலான வேலைநிறுத்த நிதி முடக்கப்பட்டது. நாலு நாள் அபராதத்துக்கு மேல் அந்த நிதியால் தாங்க முடியாது. வர்ஜீனியாவின் நார்ஃபோக் கிளைத் தலைவர் சங்கிலியால் பிணைக்கப்பட்டுச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்ட புகைப்படம் நாடெங்கும் வெளியானது. கெடுவுக்குள் திரும்பியவர்கள் ஆயிரத்தைச் சுற்றி மட்டுமே. வெளியேறியவர்களின் ஒற்றுமையில் குறை சொல்ல இடமில்லை.

பாதி வானத்தை ஓட்டுவது எப்படி

மிச்சமிருந்தவர்கள் யார்? மேற்பார்வையாளர்கள் சுமார் 3,000 பேர், வேலைநிறுத்தத்தில் சேராத கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 2,000 பேர், ராணுவத்திலிருந்து அழைக்கப்பட்டவர்கள் சுமார் 900 பேர். காகிதத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள். மூன்றில் ஒரு பங்கு விமானங்கள்தான் பறக்க முடியும் என்று சங்கம் நினைத்தது இயல்பு. அதுவும் நாலு நாளைக்கு மேல் தாங்காது, மேற்பார்வையாளர்களுக்குக் கை பழகி நாளாகிவிட்டது என்பது மறியல் வரிசையில் நின்றவர்களின் கணிப்பு.

இந்தக் கணிப்பு ஏன் தவறியது என்பதற்கு இந்த வேலையின் அடிப்படையைப் பார்க்க வேண்டும். வானம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடுபாதையைக் கவனிப்பது கோபுரம். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வானத்தைக் கவனிப்பது ‘அப்ரோச்’ கட்டுப்பாடு. நெடுந்தூர வழித்தடங்களைப் பார்ப்பவை பெரிய மையங்கள், கண்டப் பகுதியில் மட்டும் அவை இருபது. மையத்தின் ஒவ்வொரு வான்பகுதிக்கும் ஒரு கட்டுப்பாட்டாளர். விமானம் எல்லையைக் கடக்கும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கப்படும். ரேடாரில் வழித்தடத்தில் குறைந்தது 5 கடல் மைல், விமான நிலையத்தருகே 3 மைல் இடைவெளி வேண்டும்.

ஒருவரைத் திணறடிப்பது ஒரு நாளின் மொத்த விமானங்கள் அல்ல, ஒரே நேரத்தில் அவர் பகுதியில் இருக்கும் விமானங்கள். சிகாகோ ஓ’ஹேரும் அட்லாண்டாவும் காலையிலும் மாலையிலும் அலை அலையாக விமானங்களை ஏற்றி இறக்கும். ஆள் பலம் முழுக்க அந்த உச்ச நேரங்களுக்காகவே தேவைப்பட்டது. அலையைத் தட்டையாக்கிவிட்டால் தேவை சடாரென்று குறைந்துவிடும்.

எஃப்ஏஏ செய்தது அதைத்தான். 22 பெரிய விமான நிலையங்களில் உச்ச நேர விமானங்களைப் பாதியாகக் குறைக்கும்படி நிறுவனங்களுக்குக் கட்டளை போனது. எதை ரத்து செய்வது என்ற முடிவில் பெரும்பகுதி நிறுவனங்களிடமே விடப்பட்டது. நெடுந்தூர விமானங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. குறுகிய தூரப் பயணிகள் காரிலோ பேருந்திலோ போகட்டும் என்று விட்டார்கள். சிறிய தனியார் விமானங்கள் கருவி வழிகாட்டலில் பறப்பதற்கு ஒதுக்கீட்டு முறை வந்தது. சிறிய கோபுரங்கள் பல மூடப்பட்டு ஆட்கள் பெரிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்தடுத்த வான்பகுதிகள் இணைக்கப்பட்டன. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: இறங்க இடம் உறுதியாகாத வரை விமானத்தைப் புறப்படவே விடுவதில்லை. வானில் வட்டமடித்துக் காத்திருக்கும் விமானம்தான் கட்டுப்பாட்டாளரின் கவனத்தை அதிகம் தின்னும். தரையில் நிற்கும் விமானம் பயணியின் பொறுமையைத் தின்னும், அவ்வளவுதான்.

1970களில் வந்த கணினிகள் இதற்குக் கைகொடுத்தன. ரேடார் புள்ளியின் பக்கத்திலேயே விமான எண்ணும் உயரமும் தெரியும், ஒப்படைப்பும் பொத்தானில் முடியும். இந்த வசதிகளைப் பேட்கோ ஆண்டுக்கணக்கில் குறை சொல்லிவந்தது, குறைகளும் உண்மையானவையே. ஆனாலும் 1968இல் இருந்த நிலை 1981இல் இல்லை.

சில நாட்களிலேயே வழக்கமான விமானங்களில் நான்கில் மூன்று பங்கு பறக்க ஆரம்பித்தது. உள்ளே இருந்தவர்கள் வாரத்துக்கு 48 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தார்கள். களைப்பு கடுமையாக இருந்தது. சங்கம் எச்சரித்த பெரும் மோதல் நிகழவில்லை. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பொடோமாக் ஆற்றில் விழுந்த ஏர் ஃப்ளோரிடா விமானத்தை இத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. விசாரணை முக்கியமாகச் சுட்டியது இறக்கைப் பனியையும், எஞ்சின் பனித்தடுப்பை இயக்காததையும்.

விமான நிறுவனங்கள் ஏன் எதிர்க்கவில்லை? தினமும் கோடிக்கணக்கில் இழப்பு இருந்தும் அவை அரசின் பக்கம் நின்றன. கட்டணத்தின் மீதும் வழித்தடங்களின் மீதும் இருந்த அரசுக் கட்டுப்பாடு 1978இல் நீக்கப்பட்டதிலிருந்து கண்மூடித்தனமாக விமானங்களைக் கூட்டியிருந்தன, பொருளாதாரமோ சரிந்துகொண்டிருந்தது. பாதி காலியாக ஓடிய விமானங்களை நிறுத்த அரசே உத்தரவு போட்டது அவற்றில் சிலவற்றுக்கு ஒருவகையில் நிம்மதி. அதோடு 22 நிலையங்களிலும் ஏற்கெனவே இருந்த நிறுவனங்களின் இடம் பத்திரமானது, புதிதாக வந்தவை வெளியே காத்திருந்தன. பேட்கோவின் போராட்டத் திட்டத்தில் இந்த நலன்களுக்குக் கணக்கே இல்லை.

துணை வராத தோழர்கள்

அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் ஏஎஃப்எல்-சிஐஓ கூட்டமைப்பின் நிர்வாகக் குழு அந்த வாரம் சிகாகோவில் கூடியிருந்தது. அங்கிருந்த தலைவர்களிடம் பேட்கோ முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. தலைவர் லேன் கிர்க்லேண்ட் ஓ’ஹேர் மறியலில் கலந்துகொண்டார், அதற்கு மேல் என்ன செய்வது என்று கூட்டமைப்புக்குத் தெரியவில்லை. உண்மையில் விமானங்களை நிறுத்தக் கூடியவர்கள் விமானிகளும் மெக்கானிக்குகளும். விமானிகள் சங்கம் வான்வழி பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிவித்துப் பறந்துகொண்டிருந்தது. மெக்கானிக்குகளின் சங்கம் அனுதாபத்தோடு நின்றுவிட்டது. 1980இல் ரேகனை ஆதரித்ததை மற்ற சங்கங்கள் மறக்கவில்லை என்பதும் உண்மை. அதைவிடப் பெரிய காரணம், ஆதரவு வேலைநிறுத்தம் செய்தால் அவர்களுடைய ஒப்பந்தமும் மீறப்படும்.

வெளிநாட்டில் கொஞ்சம் அசைவு இருந்தது. கனடாவின் கட்டுப்பாட்டாளர்கள் அமெரிக்க விமானங்களைக் கையாள மறுத்தபோது அட்லாண்டிக் போக்குவரத்து இரண்டு நாள் தடுமாறியது. போர்ச்சுகலிலும் குறுகிய புறக்கணிப்பு நடந்தது. இரண்டுமே சீக்கிரம் அடங்கிவிட்டன. செப்டம்பர் 19 அன்று வாஷிங்டனில் நடந்த ‘ஒற்றுமை தின’ப் பேரணியில் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். பேட்கோ குடும்பங்களுக்கு அங்கே பெரும் வரவேற்பு. ஆனால் அப்போது பணிநீக்க உத்தரவுகள் கையில் வந்து வாரங்கள் ஆகியிருந்தன.

கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதிபரை ஆதரித்தார்கள். மார்ச் 30 அன்று குண்டடிபட்டுப் பிழைத்து, வரிக் குறைப்பைச் சாதித்துக்கொண்டிருந்தவர் மீது பொதுமக்களுக்கு இருந்த பிரியமும் இதில் கலந்திருந்தது.

கணக்கு முடிந்தது யாருக்கு

அக்டோபர் 22 அன்று மத்தியத் தொழிலாளர் உறவு ஆணையம் பேட்கோவின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. போலி ஆண்டு முடிவில் பதவி விலகினார். டிசம்பரில் ரேகன் ஒரு தளர்வு தந்தார்: நீக்கப்பட்டவர்கள் வேறு மத்திய அரசுத் துறைகளில் விண்ணப்பிக்கலாம், எஃப்ஏஏவில் மட்டும் கூடாது.

அந்த ‘மட்டும்’தான் வலி. விமானத்தைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு நாட்டில் ராணுவத்தைத் தவிர ஒரே ஒரு முதலாளிதான். இருபது ஆண்டுத் திறமை வெளிச்சந்தையில் எதற்கும் உதவாது. எந்த வங்கியும் எந்தத் தொழிற்சாலையும் ரேடார் திரையில் பதினைந்து விமானங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கும் ஆளைத் தேடுவதில்லை. வேலையின்மை 1982 கடைசியில் 10.8 சதவீதத்தைத் தொட்டது. மேல்முறையீடு செய்த ஆயிரக்கணக்கானோரில் சில நூறு பேருக்கு மட்டுமே வேலை திரும்பக் கிடைத்தது. அவர்களில் பலரும் மிரட்டலால் வெளியேறினோம் என்றோ, அன்று முறையான விடுப்பில் இருந்தோம் என்றோ நிரூபித்தவர்கள். உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் இடையே ‘கருங்காலி’ என்ற வசை ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை.

அரசுக்கும் செலவு சின்னதல்ல. புதிய பணிக்கு விண்ணப்பங்கள் லட்சத்தைத் தாண்டின, ஆனால் ஓக்லஹோமா சிட்டியிலுள்ள பயிற்சிக் கழகத்தில் பலர் தேறவில்லை. தேறியவர் முழுத் தகுதி பெற இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். விமானங்களின் எண்ணிக்கை மீதான வரம்புகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. முழுத் தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கை பழைய நிலையை எட்ட எண்பதுகள் முழுவதும் போதவில்லை. சங்கம் கேட்டதாகச் சொல்லப்பட்ட 68 கோடியோடு இந்தச் செலவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், சிக்கனத்துக்காக எடுத்த முடிவு இதுவல்ல என்பதை உடனே புரிந்துகொள்வார்கள். இது அதிகாரத்தைப் பற்றிய முடிவு.

தனியார் துறை அதை அப்படித்தான் வாசித்தது. சட்ட அடிப்படை வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தனியார் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி சரி, பேட்கோ செய்தது சரியல்ல. ஆனால் போராடுபவர்களுக்குப் பதிலாக நிரந்தரமாக வேறு ஆட்களை எடுக்கலாம் என்ற தீர்ப்பு தனியார் முதலாளிகளுக்கு 1938இலிருந்தே இருந்தது. சமூகம் என்ன நினைக்குமோ என்ற தயக்கத்தில் அதை அதிகம் பயன்படுத்தாமல் வைத்திருந்தார்கள். அதிபரே செய்து காட்டிய பிறகு தயக்கம் கரைந்தது. 1983இல் அரிசோனாவின் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் செப்புச் சுரங்கம், 1985இல் மின்னசோட்டாவின் ஹார்மெல் இறைச்சி ஆலை, 1987இல் மெயின் மாநிலத்தின் இன்டர்நேஷனல் பேப்பர் ஆலை எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் 1980இல் 187, 1985இல் 54. உற்பத்தித் துறையின் சரிவுக்கும் மந்தநிலைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் பேட்கோ மீது போடுவது மிகை.

புதிய கட்டுப்பாட்டாளர்கள் 1987இலேயே நாட்கா என்ற புதுச் சங்கத்தை அமைத்தார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க எடுக்கப்பட்டவர்களும் ஆறே ஆண்டுகளில் அதே குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1993 ஆகஸ்ட் 12 அன்று கிளிண்டன் தடையை நீக்கியபோது, பழையவர்களில் சுமார் 800 பேர்தான் திரும்ப வந்தார்கள். பெரும்பாலானோருக்கு வயது கடந்துவிட்டது. ஊதியத்தைப் பற்றிப் பேரம் பேசும் உரிமை தொண்ணூறுகளில் நாட்காவுக்குச் சட்டப்படி கிடைத்து, 1998 ஒப்பந்தத்தில் ஊதியமும் இடம்பெற்றது. பேட்கோ உடைந்தது எந்தக் கதவில் முட்டியோ, அந்தக் கதவு வேலைநிறுத்தம் இல்லாமலே திறந்தது.

1981இன் தழும்பு இன்னொரு இடத்திலும் தெரிந்தது. ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஓய்வு பெறுவார்கள். 25 ஆண்டுப் பணிக்குப் பின் எந்த வயதிலும், 50 வயதுக்குப் பின் 20 ஆண்டுப் பணியிருந்தாலும் ஓய்வு பெறலாம், 56இல் கட்டாயம் போக வேண்டும். 1982இலிருந்து பத்தாண்டுகளுக்குள் வந்த பெரும் கூட்டம் 2005ஐ ஒட்டி வெளியேறத் தொடங்கியது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2002இலேயே எச்சரித்திருந்தும் ஆள் எடுப்பு பின்தங்கியே வந்தது.

இதன் விளைவு 2019 ஜனவரி 25 அன்று வெளிப்பட்டது. நிதி ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அரசுத் துறைகள் முடங்கிய ‘அரசு முடக்கத்தின்’ 35ஆவது நாள், கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன், ஜாக்சன்வில் மையங்களில் பத்துப் பேர் அளவில் வரவில்லை. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு விமானங்கள் நிறுத்தப்பட்டன, நுவார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் தாமதம் பரவியது. தாங்கள் எதையும் ஏற்பாடு செய்யவில்லை என்றது நாட்கா. அன்றே டிரம்ப் முடக்கத்தை முடிக்க ஒப்புக்கொண்டார். 13,000 பேர் வெளியேறியபோது ஓடிய அமைப்பு, பத்துப் பேர் வராதபோது நின்றது. 1981இல் அரசு ஆறு வாரம் தயாராகி, பாதி விமானங்களை விட்டுக்கொடுக்கத் துணிந்திருந்தது. 2019இல் தயாரிப்பும் இல்லை, விட்டுக்கொடுக்கும் எண்ணமும் இல்லை, உபரி ஆட்களும் இல்லை.

2025 நவம்பரில், இன்னொரு நீண்ட முடக்கத்தின்போது, எஃப்ஏஏ பழைய பெட்டியைத் திறந்தது. 40 விமான நிலையங்களில் 4 சதவீதத்தில் தொடங்கி விமானங்களைக் குறைக்க உத்தரவிட்டது. வேலைநிறுத்தத்தை முறியடிக்க 1981இல் பயன்பட்ட அதே வழி, இந்த முறை வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களின் களைப்பைச் சமாளிக்கத் தேவைப்பட்டது.